தாம்பாளத்தில் வைத்த மார்க்

என் கட்சிக்காரர்களில் பொய் சொல்லி என் கழுத்தை அறுத்தவர்கள் ஏராளம். உண்மையைச் சொல்லி அறுத்தவர் ஒரே ஒருவர்தான். பேரையூருக்குப் பக்கத்துக் கிராமத்து நல்லகாமன். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம் வரும். அப்புறம் எழுந்து நின்று கும்பிடலாம் போலிருக்கும்.

முப்பத்தாறாம் வருஷம், சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுவாரம், சிம்மக்கல்லில் இருந்த என் ஆபீசுக்கு வந்தார். நல்ல உயரம், முறுக்கிய மீசை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. துண்டில் முடிந்து கொண்டு வந்த இரண்டு சீசாக்களை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டிலும் ஒரே லேபிள். ஒற்றைக் கொம்புக் காளை ஒன்று தலையைத் தூக்கி முறைத்துக்கொண்டு நின்றது.

"இதுல எது என் தைலம், சொல்லுங்க வக்கீலய்யா" என்றார்.

நான் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காளை, கொம்பு, எழுத்து, ஓரத்துப் பூவேலை எல்லாம் அச்சு அசலாக ஒன்றே. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றைத் திறந்தார். ஓமமும் கற்பூரமும் வேர்களும் சேர்ந்த வாசனை ஆபீஸ் முழுக்கப் பரவியது. மற்றதைத் திறந்தார். மண்ணெண்ணெய் நாற்றம்.

"மொதச் சீசா நான் காய்ச்சுனது. இது கொழும்புல எங்க மாப்ள விருமாண்டி ஊத்துனது. என் காளையைக் காட்டிக் கண்ட தண்ணியை விக்கிறாரு. மலையில சனம் தேச்சுத் தோலு வெந்து போச்சாம்."

ஒத்தக்கொம்பன் தைலத்தைப் பற்றி மதுரையில் தெரியாதவர்கள் குறைவு. என் மனைவி சாவித்ரியே இடுப்பு பிடித்துக்கொண்டால் அதைத்தான் தேய்ப்பாள். நல்லகாமனின் தகப்பனார் காலத்தில், கொம்பு ஒடிந்து கழுத்து வீங்கிப் படுத்துவிட்ட உழவு மாட்டுக்கு என்று காய்ச்சிய எண்ணெய் அது. மாடு எழுந்து நின்றதும் மனிதர்களும் தேய்க்க ஆரம்பித்தார்கள். மகன் அதைச் சீசாவில் ஊற்றி, அந்த மாட்டையே படமாகப் போட்டு விற்றார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, அந்த மாடு கடல் தாண்டிய கதை.

கண்டிச் சீமைக்குக் கொழுந்து பறிக்கப் போன ஜனங்கள் மடியில் கட்டிக்கொண்டு போனது முதல் சீசா. நல்லகாமனின் தங்கை செல்லத்தாயைக் கட்டிய விருமாண்டி கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். அவர்தான் பெட்டி பெட்டியாகத் தைலத்தைத் தருவித்து, தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறினார். அந்த ஜனங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். கடைக்கு வந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ஒரு கையை மடக்கிக் காட்டுவார்களாம். ஒத்தக்கொம்பன் என்று அர்த்தம். மலையும் மழையும் அட்டைக்கடியுமாக இருக்கிற அந்த ஊரில், பேரையூர்க் கரிசல் காட்டில் எப்போதோ செத்துப்போன ஒரு மாட்டுக்கு அவ்வளவு பெயர். கேட்டுக்கொண்டே இருந்தவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தக் காளை மார்க்கைத்தான் விருமாண்டி கொழும்பில் தன் பெயருக்குப் பதிவு செய்ய மனுப் போட்டிருந்தார். கெசட்டில் விளம்பரமும் வந்துவிட்டது. ஆட்சேபம் சொல்லக் கெடு முடியப் போகிற நேரத்தில் என்னிடம் வந்து நிற்கிறார் இவர்.

"அவரு பேருல பதிஞ்சா என்னங்க? காளை என் காளை. பேரையூர்ல வந்து கேளுங்க, எம்புட்டுப் பேரு சாட்சி சொல்லுவாகன்னு!"

"பேரையூரில் சொல்வார்கள். கொழும்புச் சர்க்காருக்குப் பேரையூர் கிழக்கா மேற்கா என்றே தெரியாதே! உங்கள் மார்க்கு உங்களோடு கப்பலேறி வராது ஐயா. தேசத்துக்குத் தேசம் தனித்தனியாகப் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் மார்க்கைப் பதிய இன்னும் சட்டமே வரவில்லை. அங்கே வந்து எத்தனையோ வருஷமாகிறது. அவர் பெயரில் பதிவாகிவிட்டால், உங்கள் சொந்தத் தைலத்தை உங்கள் சொந்தக் காளைப் படத்தோடு நீங்கள் அங்கே இறக்கினால், நீங்கள்தான் திருடன்."

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

சரி, லேபிள் அச்சடிக்கிற பிளாக்கு விருமாண்டி கைக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். திருடினாரா, ஆள் வைத்து வெட்டினாரா?

"நாந்தான் குடுத்தேன்" என்றார் நல்லகாமன். "சீர்ல வச்சு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும். ஆடு, அரிசி, வாழைத்தார், பட்டு, நகை எல்லாம் தாம்பாளத்தில் ஏந்தி, மேளத்தோடு ஊரைச் சுற்றி வருவார்கள். பந்தலில் ஒருவன் நின்று இன்னார் இன்னது செய்தார் என்று ஊரே கேட்கக் கத்துவான். விருமாண்டியின் மகள் இருளாயிக்குக் காதுகுத்தைச் சொந்த ஊரில்தான் வைத்தார்கள். தகப்பன் வழிப் பங்காளிகள் நல்லகாமனுக்கு முன்னாலேயே வந்து தங்கச் சங்கிலி வைத்துவிட்டார்கள். பந்தலில் சிரிப்பு. தாய்மாமனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்லகாமன் பார்த்தார். புதிதாக மதராஸில் செய்து வாங்கி, யாருக்கோ காட்டுவதற்காக மடியில் வைத்திருந்த செம்புப் பிளாக்கை எடுத்துப் பட்டில் சுற்றித் தாம்பாளத்தில் வைத்து, "கத்துடா சோணை" என்றார். சோணை கத்தினான்: "தாய்மாமன் நல்லகாமன் சீர்! ஒத்தக்கொம்பனே மருமகளுக்கு!"

பந்தலே எழுந்து நின்றதாம். சொல்லும்போது அந்த நிலைமையிலும் அவருக்கு மீசை துடித்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. உலகத்தில் வேறு எந்த வியாபாரியாவது தன் மார்க்கைக் காதுகுத்துப் பந்தலில் கொண்டுபோய் வைப்பானா? ஆனால் அங்கே, அந்தச் சிரிப்புக்கு முன்னால், அவர் வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

கெடுவுக்குள் ஆட்சேபம் தாக்கல் செய்தேன். விருமாண்டியின் பதில் நான் எதிர்பார்த்ததுதான்: மார்க்கை எனக்கே கொடுத்துவிட்டார்கள், ஊரறியக் கொடுத்தார்கள், இனி அது என்னுடையது.

இதற்கு என்னிடம் அசைக்க முடியாத சட்டம் இருந்தது. மார்க்கைத் தனியாகப் பிய்த்துத் தானம் பண்ண முடியாது. தொழிலோடு சேர்த்துக் கொடுத்தால்தான் உண்டு. தைலம் காய்ச்சுகிற தொழிலை நல்லகாமன் கொடுக்கவில்லை. ஆகவே வெறும் பிளாக்கைக் கொடுத்த தானம் செல்லாது. இரண்டு வரி வாதம். ஜெயித்துவிட்ட மாதிரிதான். அதைச் சொல்லவே அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப நான் எம் மருமகளுக்குச் செஞ்சது செல்லாத சீருன்னு சொல்லப் போறீகளா?" என்றார்.

"சட்டப்படி."

"கோர்ட்டுல? எல்லாரும் கேக்க?"

"கோர்ட்டில் ரகசியமாகவா சொல்வார்கள்?"

"வேணாம் வக்கீலய்யா. காளை போனாப் போகட்டும். அந்தப் புள்ளை நாளைக்குப் புருசன் வீட்டுக்குப் போகும். ‘ஒந் தாய்மாமன் வச்சது செல்லாத சீரு’ன்னு ஒருத்தி சொல்லிட்டா எந் தங்கச்சி எந்த மூஞ்சியோட நிப்பா? இதைச் சொல்லாம வேற எதையாச்சும் சொல்லி ஜெயிங்க."

நான் கத்தினேன். ஜெயிக்கத்தான் வக்கீல், தோற்பதற்கு எதற்கு வக்கீல் என்று கேட்டேன். கேஸ் கட்டைக் கொண்டுபோய் வைகையில் போடும் என்றேன். அவர் நின்று கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரு சீசாத் தைலத்தை மேஜையில் வைத்துவிட்டு, "வாரேங்க" என்று போய்விட்டார்.

வீட்டில் சாவித்ரியிடம் சொல்லிப் பொருமினேன். அவள், "அவர் சொல்றதுல என்ன தப்பு? எங்க அண்ணா போட்ட வளையல் செல்லாதுன்னு எவனாவது கோர்ட்டுல சொன்னா எனக்கு எப்படி இருக்கும்?" என்றாள். உன் அண்ணா போட்டது செல்லாதுதான், பித்தளை என்றேன். அன்றைக்கு எனக்கு மோர் கிடைக்கவில்லை.

சாட்சிகள் எல்லாரும் பேரையூர்ச் சீமையில் இருந்ததால், மதுரையிலேயே ஒரு கமிஷனர் வாக்குமூலம் வாங்கி அனுப்பட்டும் என்று கொழும்புக் கோர்ட் உத்தரவு போட்டது. ரிட்டையர்டு முன்சீப் விஸ்வேஸ்வரன்தான் கமிஷனர். பசுமலையில் அவர் குடியிருந்த பங்களாவின் கூடத்தில் விசாரணை. கொழும்பிலிருந்து விருமாண்டி குடும்பத்தோடு வந்து இறங்கினார். கூடவே அவருடைய வக்கீல், யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி கலையாத கோட்டு. மல்லிகை மாதிரித் தமிழ்.

காலையில் நான் போய்ச் சேரும்போது மலையடிவாரத்தில் மாட்டு வண்டிகள் வரிசையாக அவிழ்த்துக் கிடந்தன. பேரையூர்ப் பக்கமிருந்து ராத்திரியெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நல்லகாமனுக்குச் சாட்சி சொல்லத்தான் அத்தனை பேரும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விசாரணை ஆரம்பித்ததும் அது காலியாகிவிட்டது. ஏனென்றால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் சொன்னது ஒன்றே: "ஆமா, சீர்ல வச்சாரு. நாங்க கண்ணால பார்த்தோம்." அவர்களுக்கு அது நல்லகாமனின் பெருமைக்குச் சாட்சி. எனக்கு அது கேஸின் கருமாதி.

சோணையைக் கமிஷனர், "என்ன கத்தினாய்?" என்று கேட்டார். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பந்தலில் கத்தின மாதிரியே கத்தினான். கூடத்து உத்தரத்தில் இருந்த புறாக்கள் படபடவென்று வெளியே பறந்தன. விஸ்வேஸ்வரன் காதைத் தேய்த்துக்கொண்டே எழுதினார்.

பிறகு நல்லகாமன். யாழ்ப்பாணத்து வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பிளாக்கைத் தட்டில் வைத்தது நீங்கள்தானோ?"

"நாந்தான்."

"மனதாரவோ? அல்லது மேளச் சத்தத்தில் தன்னை மறந்தோ?"

நான் என் கட்சிக்காரரையே பார்த்தேன். மறந்து செய்தேன் என்று ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை போதும். கண்ணால் கெஞ்சினேன்.

"மனசாரத்தான். மேளம் இல்லாட்டியும் குடுத்திருப்பேன்."

"இப்போது அதைத் திருப்பிக் கேட்கிறீர்களோ?"

"சீரைத் திருப்பிக் கேக்குறவன் தாய்மாமன் இல்ல. கேக்கல."

"அப்படியானால் இந்த ஆட்சேபம் எதற்காக?"

நல்லகாமன் கமிஷனர் பக்கம் திரும்பினார். "எசமான், நான் சீர் குடுத்தது எம் மருமகளுக்கு. அதுல எனக்குப் பேச்சே இல்ல. ஆனா மலையில இருக்குற சனம் என் காளை மூஞ்சியைப் பார்த்துச் சீசாவை வாங்குது. அதுக்கு எழுத்துத் தெரியாது. காளையை மட்டுந்தான் தெரியும். அந்தச் சனத்துக்கு நான் குடுத்த வாக்கை யாருக்கும் சீர் வைக்கல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மார்க்கு என்றால் என்ன என்று நான் படித்த அத்தனை தீர்ப்புகளும் அந்த மனிதர் வாயில் வந்து நின்றன. ஆனால் சிலிர்ப்பைக் கொழும்புக்குக் கட்டி அனுப்ப முடியாது. கொடுத்தேன் என்று சொல்லிவிட்டார். மலை ஜனத்துக்குத் தோல் வெந்தது என்பதற்கு என்னிடம் கேள்விப்பட்ட பேச்சைத் தவிர வேறு சாட்சியில்லை. கேஸ் போயிற்று.

யாழ்ப்பாணத்து வக்கீலுக்கும் அது தெரிந்தது. முத்தாய்ப்பாக இருக்கட்டும் என்று விருமாண்டியின் மனைவியைக் கூப்பிட்டார். செல்லத்தாய் வந்து நின்றாள். அண்ணன் சாயல், அதே நிமிர்வு. இருளாயியைப் பக்கத்தில் இருந்த ஒருத்தியின் மடியில் விட்டுவிட்டு வந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை.

"உங்கள் அண்ணன் சீர் கொடுத்தது உண்மையோ?"

"உண்மை. பெத்தவ நான் சொல்றேன், அப்படி ஒரு சீரு எங்க சனத்துல யாரும் பார்த்ததில்ல."

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சொகுசாக இன்னொரு கேள்வி போட்டார். "அந்தப் பிளாக்கை இன்றளவும் உங்கள் வீட்டில் மதிப்போடு பாவித்து வருகிறீர்கள், அப்படித்தானே?"

"பிளாக்கு சாமி மாடத்துல இருக்கு. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பொட்டு வைக்கிறேன். அதை அச்சடிக்க நான் எடுத்துக் குடுத்ததில்ல. அதைப் பார்த்து வேற மூணு வெட்டிக்கிட்டாக. கடையில லேபிள் அடிக்கிறது அந்த மூணுலதான்." மூச்சு விட்டாள். "எங்க அண்ணன் குடுத்த பிளாக்கைக் கும்புடுறோம். அந்தப் படத்தை ஒட்டி எங்க கடையில விக்கிற தைலத்தை எங்க வீட்டுல யாரும் தொடுறதில்ல."

வக்கீலின் வாய் திறந்தபடி இருந்தது. கேள்வி கேட்டது கமிஷனர்தான்: "ஏன் தொடுவதில்லை?"

அவள் திரும்பி இருளாயியைப் பார்த்தாள். விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டார். எல்லாருக்கும் புரிந்தது. இப்போது சொல்லப் போவது, இன்றைக்கு ராத்திரி அதே புருஷனோடு ஒரே ரயிலில் உட்கார வேண்டியவள் சொல்லப் போவது. சொல்லாமல் இருந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"எம் மக படியில விழுந்து காலு பெசகிருச்சுங்க" என்றாள். "வீங்கிப் போச்சு. கத்துறா. கடை நெறைய ஒத்தக்கொம்பன் அடுக்கி இருக்கு. நான் ஒரு சீசாவை எடுத்தேன். எடுத்த கையோட திரும்ப வச்சுட்டேன். பெட்டியெல்லாம் கொட்டித் தேடி, அண்ணன் வீட்டுலருந்து முன்ன வந்த பழைய சீசா அடியில கொஞ்சம் இருந்துச்சு, அதைத்தான் தேச்சேன். எம் புள்ளைக்குத் தேய்க்க மாட்டாத எண்ணெயை ஊரான் புள்ளைக்கு விக்கிறோமேன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது."

விஸ்வேஸ்வரன் பேனாவை மையில் தோய்த்தவர் எழுதாமல் அப்படியே பிடித்திருந்தார். எனக்குக் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக, குறுக்கு விசாரணை இல்லை என்று எழுந்து நின்று சொன்னேன். உட்காரத் தோன்றவில்லை. சீர் சீராகவே நின்றது. அதை ஒருவரும் செல்லாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே காளைப் படத்துக்குப் பின்னால் இரண்டு எண்ணெய் இருக்கிறது என்பதை, விற்கிறவன் வீட்டுக்காரியே சத்தியம் பண்ணிச் சொல்லிவிட்டாள். ஜனங்களை ஏமாற்றுகிற மார்க்கை எந்தச் சர்க்கார் பதியும்?

விருமாண்டி எழுந்து தன் வக்கீலிடம், "போதும் சார். மனுவை வாபஸ் வாங்கிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

வாசலில் நல்லகாமன் தங்கையை மறித்தார். "எங்கூட வந்துரு ஆத்தா. புள்ளையையும் தூக்கிக்கிட்டு வந்துரு."

"எதுக்குண்ணே? எம் புருசனோட வந்தேன், எம் புருசனோட போறேன்" என்றாள் செல்லத்தாய். "நெசத்தைச் சொன்னதுக்கா ஒருத்தி வாழ்க்கையை விடணும்?"

பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வண்டிகளின் ஓரத்தில் தனியாக நின்ற விருமாண்டியிடம் நடந்து போனாள். மானாமதுரைக்குப் போய், கொழும்புக் கப்பலுக்குப் போகிற ரயிலைப் பிடிக்க வேண்டும் அவர்கள். சற்று நேரம் கழித்து விருமாண்டி பிள்ளையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நல்லகாமன் பெயரில் நான் மனுப் போட்டேன். மறு வருஷம் கொழும்பில் பதிவும் ஆகிவிட்டது. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அந்தப் பிளாக்குகள் இன்னும் அங்கேதானே இருக்கின்றன! மூன்றில் ஒன்றை எவனாவது தூக்கிக்கொண்டு போய் அச்சடித்தால், மறுபடி மண்ணெண்ணெய். எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வாங்குகிறேன் என்றேன். நல்லகாமன், "மூணைக் கேட்டா, மாடத்துல இருக்குறதையும் சேர்த்துத்தான் கோர்ட்டு அமீனா அள்ளுவான். சீரைப் பிடுங்க ஆளு அனுப்ப மாட்டேன்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். நான் மறுபடி கத்தினேன். அவர் மறுபடி ஒரு சீசா வைத்துவிட்டுப் போனார்.

அதற்கும் அடுத்த வருஷம் ஆவணியில் அவர் மகன் சின்னக்கருப்பனுக்குக் காதுகுத்து. சாவித்ரியோடு வரவேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார். போனோம். பந்தலில் தாய்மாமன் சீர் வந்து இறங்கியது. ஊரே சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில், தெருமுனையில் இன்னொரு மேளம் கேட்டது.

"கொழும்பு அத்தை சீரு வருது!" என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள்.

முன்னால் செல்லத்தாய். தலையில் பித்தளைத் தாம்பாளம், மேலே பட்டு மூடியிருந்தது. பக்கத்தில் பாவாடை தடுக்க இருளாயி. பின்னால் ஆடும் வாழைத்தாரும். பந்தலுக்குள் வந்து தாம்பாளத்தைச் சோணை முன்னால் இறக்கி, பட்டை அவளே எடுத்தாள். உள்ளே நான்கு பிளாக்குகள். ஒன்று மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. மூன்று அச்சு மையில் கறுத்துக் கிடந்தன. நான்கிலும் அந்தக் காளை.

சோணைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக என்ன கத்துவது என்று தெரியவில்லை.

"கத்துண்ணே" என்றாள் செல்லத்தாய். "எங்க அண்ணன் செஞ்சது ஒண்ணு. நான் திருப்பிச் செய்யுறது நாலு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீராக வைத்ததைக் கேட்டு வாங்கத்தான் கூடாது. செய்தவர் வீட்டு விசேஷத்தில் வாங்கியவர் தாமாகத் திருப்பிச் செய்யலாம், செய்தே ஆகவேண்டும், அதுவும் வாங்கியதைவிடக் கூடுதலாக. கேட்காதவர் மானமும் போகவில்லை, கொடுத்தவள் மானமும் போகவில்லை. எந்தக் கோர்ட்டில் எத்தனை மாதம் அலைந்திருந்தாலும் போலி அச்சு முழுவதையும் நான் இப்படிக் கைப்பற்றியிருக்க முடியாது. அது மேளத்தோடு, பட்டு மூடி, தானாக நடந்து வந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன். சாவித்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நல்லகாமன் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "மாப்ள எங்க ஆத்தா?" என்றார்.

விருமாண்டி பந்தலுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். நல்லகாமன் தாம்பாளத்தை வைத்துவிட்டு நேரே அவரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். வக்கீல் புத்தி, சும்மா விடாதல்லவா!

"மச்சான், தலைச்சுமையாத் தூக்கிட்டு மலை மலையா ஏறுனவன் நானு" என்றார் விருமாண்டி, எங்கோ பார்த்தபடி. "அதுல அந்தக் காளை எங் காளையும்தான்னு நெனச்சுப்புட்டேன்."

"நெனச்சது தப்பில்ல மாப்ள. தண்ணியை ஊத்துனதுதான் தப்பு. இனி யாரு ஏறுவா அம்புட்டு மலை? நீங்கதான் ஏறணும். வாங்க, பந்தி காத்துக் கெடக்கு."

கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கூட்டிவந்தார். மேளக்காரர்கள் குச்சியை ஓங்கினார்கள். எனக்குப் பழைய காதுகுத்து ஞாபகம் வந்துவிட்டது. மறுபடி ஊர் பார்க்க, மறுபடி மேளத்தோடு, மறுபடி ஒன்றும் எழுதாமல்! "ஐயா, பத்திரம்!" என்று நான் கூவ வாயெடுத்தேன். அதற்குள் நல்லகாமன் ஒரு கையைத் தூக்கினார். ஓங்கிய குச்சிகள் அப்படியே நின்றன.

"பொறுங்கய்யா. மொதல்ல வக்கீலய்யா எழுதட்டும். பெறகு அடிங்க."

யாரோ ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். காளை மார்க்கு நல்லகாமனுடையது. இலங்கையில் விற்கிற உரிமை மட்டும் விருமாண்டிக்கு. தைலம் பேரையூரில் காய்ச்சியதாகவே இருக்க வேண்டும். அச்சு இங்கேயே இருக்கும், லேபிள் இங்கிருந்து போகும். பந்தல் நிறைய ஜனம். குழந்தைகூட அழவில்லை. ஆடு ஒன்று கத்தப்போக, ஒருவன் அதன் வாயைப் பொத்தினான். நான் வாதாடிய எந்தக் கோர்ட்டும் என் பேனாவுக்கு இவ்வளவு மரியாதை தந்ததில்லை.

இருவரும் கைநாட்டு வைத்தார்கள். நான் அதை உரக்க வாசித்தேன். ஜனங்களுக்கு என் சட்டத் தமிழ் புரியவில்லை என்று முகங்களில் தெரிந்தது. நல்லகாமன் சோணையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சோணை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"ஊரே கேட்டுக்கோ! காளை அண்ணன் வீட்டுது! கொழும்புல மேய்க்கிறது மட்டுந்தான் மாப்ள!"

பந்தல் அதிரச் சிரித்தார்கள். விருமாண்டிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்புறம்தான் மேளம் அடித்தது.